கிள்ளான் ரோட்டுக் கல்

அன்று காலையில் நாகையா பெண்டாட்டியிடம் கேட்டது தேங்காய்ச் சிரட்டை.

"அடுப்படியில சாக்குல கட்டி வெச்சிருக்கியே பவுனு, அதை எடுத்துக் குடு."

"அது எதுக்கு? மழைக்காலத்துக்குன்னு ஒண்ணொண்ணாச் சேத்து வெச்சிருக்கேன்."

"பொகை போடணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மேலேர்ந்து வர்றவனுக்குத் தெரியணுமாம். வெறும் லாலான் புல்லு சட்டுனு எரிஞ்சு அணைஞ்சு போவும். அடியில சிரட்டையைப் போட்டு மேலே ஈரப்புல்லை அமுக்கினா நின்னு பொகையும்."

"சீமையிலேர்ந்து பறந்து வர்றவனுக்கு என் வீட்டுச் சிரட்டைதான் கெடச்சுதாக்கும்."

"ஊருக்குப் போயி சொல்லுவான், பிரிக்பீல்ட்ஸ் பவுனம்மா வீட்டுப் பொகையப் பாத்துத்தான் எறங்கினேன்னு."

பாதியை மட்டும் கொட்டிக் கொடுத்துவிட்டு பவுனம்மாள் கஞ்சியை ஆற்றப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் சாக்கையே காணோம். லயத்து வாசலுக்கு ஓடினாள். தோளில் சாக்கோடு ரயில் பாதையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான் அவன்.

"முழுசையும் தூக்கிட்டியாய்யா! வா, சாயங்காலம் உனக்குப் பச்சத்தண்ணிதான்!"

அவன் திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினான்.

கித்தா ரப்பர் விலை தரையில் கிடந்த வருஷங்கள் அவை. தோட்டம் தோட்டமாக ஆளைக் குறைத்து, கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரோடு போடும் கேங்குக்கு மட்டும் எப்படியோ வேலை இருந்தது. ஆண்கள் தார் காய்ச்சினார்கள், குழி நிரவினார்கள். பெண்கள் ஜல்லி உடைத்து இரும்புச் சட்டியில் சுமந்து கொட்டினார்கள். ரயில்வே லயங்களுக்குப் பின்னால், ஆற்றை ஒட்டி அவர்களுடைய லயம். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வரிசை வீடுகள். "கப்பலேத்திடுவான்" என்று யாராவது ஒரு சொல் சொன்னால் போதும், சண்டை போட்டுக்கொண்டிருந்த வீடுகூட அடங்கிவிடும்.

அப்படியிருந்த கேங்குக்குத்தான் ஒரு திடலைச் சமன்செய்யும் வேலை வந்தது. இங்கிலாந்தில் புறப்பட்டு ஆஸ்திரேலியா வரை, இதுவரை எவனும் போகாத வேகத்தில் ஒரு வெள்ளைக்காரன் தன்னந்தனியாகப் பறந்து போகிறானாம். எண்ணெய் போட்டுக்கொள்ள வழியில் இங்கே இறங்குவானாம். கிள்ளான் ரோட்டோரத்தில் இருந்த மேய்ச்சல் திடலில் லாலானை அறுத்து, மேட்டைக் கொத்தி, பள்ளத்தை அடைத்து, ஒரு மாத வேலையைப் பாதி மாதத்தில் முடித்தார்கள். நாகையாவுக்குப் புகை போடும் வேலை.

பவுனம்மாள் குழாயடியில் துவைத்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. முதலில் ரயில் என்று நினைத்தாள். பிறகு தகரக் கூரைகள் அதிர்ந்தன. தலைக்கு மேலே, பட்டையான தென்னைமட்டை மாதிரி இரண்டு அடுக்குச் சிறகோடு அது தாழப் போனது. பக்கத்து வீட்டு சாந்தமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். பவுனம்மாள் ஈரச் சேலையைத் தூக்கி வீசி ஆட்டினாள்.

"யோவ், என் சிரட்டைப் பொகை தெரியுதா பாரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சாந்தமேரியும் சிரித்தாள். துணி அலசி முடியவில்லை, கேங் ஆட்கள் நாலைந்து பேர் ரோட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். அவர்கள் நடந்து வந்த விதத்தைப் பார்த்தே அவள் அலசிய துணியைக் கல்லில் போட்டுவிட்டு எழுந்தாள்.

நடந்தது இதுதான். விமானம் தரையைத் தொட்டு ஓடிவரும் நேரத்தில், பால்காரன் மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு திடலுக்குள் புகுந்தது. புகைக்குப் பக்கத்தில் நின்றவன் நாகையாதான். துண்டை வீசிக்கொண்டு மாட்டை விரட்ட ஓடினான். மாடு தப்பிவிட்டது. சிறகின் நுனி அவனை அடித்து ரோட்டோரத்தில் போட்டது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. அவர்கள் வெள்ளைக்காரனுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் அவன் சிங்கப்பூருக்குப் பறந்து போனான். போவதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நாகையாவின் உடலைப் பார்க்க வந்து நின்றான் என்று சொன்னார்கள். பவுனம்மாள் யாரையும் பார்க்கவில்லை.

கொள்ளி வைக்க நாகையாவுக்குப் பிள்ளை கிடையாது. ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் கித்தாப் பால் வெட்டிக்கொண்டிருந்த தம்பி வாசு வந்தான். அடிபட்டுச் செத்தவன் விழுந்த இடத்தைவிட்டு நகர மாட்டான், கல்லை அங்கேதான் ஊன்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதனால் ரோட்டோரத்து ஜல்லிக் குவியலிலிருந்து வாசு ஒரு கல்லை எடுத்து, கழுவி, மஞ்சள் துணி சுற்றி அங்கேயே ஊன்றினான். செத்தவன் பதினாறு நாள் அந்தக் கல்லில் இருப்பான். தினமும் அதற்கு எண்ணெயும் தண்ணீரும் சோறும் வைக்க வேண்டும். பதினாறாம் நாள் கல்லை எடுத்து ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். அப்போதுதான் அவன் போவான். அதற்கு முன்னால் கல்லை அசைக்கவும் கூடாது, அதற்குப் பின்னால் வைத்திருக்கவும் கூடாது.

தாலி அறுத்தவள் பதினாறு முடிகிறவரை வாசற்படி தாண்டக் கூடாது. ஆகையால் பவுனம்மாள் அந்தக் கல்லைப் பார்த்ததில்லை. விடிந்ததும் எழுந்து அவனுக்குப் பிடித்ததாகச் சமைப்பாள். நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும், புளி கொஞ்சம் தூக்கலாக. வாசு தூக்குவாளியில் எடுத்துப் போவான். திரும்பி வந்ததும் கேட்பாள்.

"காக்கா எடுத்துச்சா தம்பி?"

"எடுத்துச்சு அண்ணி."

"கருவாட்டையா, சோத்தையா?"

"கருவாட்டைத்தான் மொதல்ல."

அதைக் கேட்டால் அவளுக்கு அன்றைய பொழுதைத் தள்ள முடிந்தது.

பதின்மூன்றாம் நாள் வாசு சீக்கிரமே திரும்பிவிட்டான். தூக்குவாளி அப்படியே இருந்தது. வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல் காலால் மண்ணைக் கீறினான்.

"என்ன தம்பி?"

"கல்லு இல்ல அண்ணி."

"என்னது?"

"அந்த எடத்துல குழி வெட்டி சிமெண்டு கொட்டியிருக்காங்க. ஏரோபிளேன் வந்து நின்ன எடமாம். அதுக்கு ஞாபகக் கல்லு நிறுத்தப் போறாங்களாம். வெள்ளைக்காரன் ஆஸ்திரேலியா போய்ச் சேந்துட்டானாம், ஒலகத்துலயே அவன்தான் வேகமாம். சனிக்கெழம பெரிய தொரை வந்து தொறக்குறானாம்."

"அவரு கல்லை எங்க தூக்கி வெச்சாங்க?"

பக்கத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சாந்தமேரி முறத்தைக் கீழே வைத்தாள். அவள் புருஷன் அம்புரோஸ்தான் ரோட்டு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி.

"பவுனு, பயப்படாதே. எங்க வீட்டுக்காரரு நேத்தே சொன்னாரு. நாகையா அண்ணனுக்குக் கெடச்ச மரியாதை யாருக்கும் கெடைக்காதுன்னு. கல்லை எங்கயும் எறியல. அந்த ஞாபகக் கல்லுக்கு அடியிலயே வெச்சிருக்காங்க."

"அடியிலயா?"

"ஆமா. அஸ்திவாரத்துல."

பவுனம்மாள் எழுந்தாள். அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. அதை இறக்கவில்லை. வாசற்படியில் ஒரு கணம் நின்றாள்.

"பவுனு, வேணாம்! பதினாறு முடியாம தாண்டக் கூடாதுன்னு நீதானே எனக்குச் சொன்னே! நாலு பேரு பாத்தா என்ன பேசுவாங்க!"

"சிமெண்டு காயறதுக்குள்ள பேசி முடிக்கட்டும் மேரி" என்று சொல்லிவிட்டு அவள் தாண்டினாள்.

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் எண்ணெய்க்காரர் அவள் வருவதைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் திரும்பிக்கொண்டார். வேலைக்குப் புறப்பட்டு எதிரே வந்த ஒரு ரயில்வேக்காரன் நின்று, செருப்பைக் கழற்றி உதறி, மறுபடியும் வீட்டுப் பக்கம் நடந்தான். தாலி அறுத்த கழுத்தோடு பட்டப்பகலில் ஒருத்தி தெருவில் வந்தால் அப்படித்தான். பவுனம்மாள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ரோட்டோரமாக நடந்தாள். பின்னால் வாசு. அவனுக்குப் பின்னால், மாதா படம் தொங்கும் கழுத்துச் சங்கிலியைப் பிடித்தபடி சாந்தமேரி. கிள்ளான் பக்கத்து வானம் ஈயப் பாத்திரம் மாதிரி இருண்டிருந்தது.

திடலோரத்தில் கேங் முழுக்க இருந்தது. தகரத்தின்மேல் மணலும் ஜல்லியும் சிமெண்டும் போட்டு இரண்டு பேர் கலக்கிக்கொண்டிருந்தார்கள். பலகை அடித்த குழி விளிம்புவரை நிரம்பிவிட்டது. கல் சுமக்கும் கேங் பெண் புஷ்பவல்லி தலையில் சட்டியோடு குழிக்கரையில் நின்றாள். கொஞ்சம் தள்ளி, சாக்கு விரித்து, சீனன் பட்டறையில் செதுக்கிய நெட்டைக் கல் படுத்திருந்தது. புது வெட்டு எழுத்து வெள்ளையாகத் தெரிந்தது.

முதலில் பார்த்தவர் கேங்கை மேய்க்கும் மண்டோர் தம்புசாமி. நரைத்த மீசையும் காக்கி அரைக்கால்சட்டையும் உள்ள பெரிய ஆள்.

"யாரு இவளை வெளிய விட்டது? டேய் வாசு!"

"மண்டோரண்ணே" என்றாள் பவுனம்மாள். "என் ஆளு எங்க?"

கலக்கிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"கீழ இருக்காரு தங்கச்சி. பத்திரமா இருக்காரு. எடுத்துக் கடாசுன்னுதான் ரோட்டு ஆபீஸ் தொரை சொன்னான். நான் கடாசுவேனா? பதினாறுக்குள்ள எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? சத்தியமாச் சொல்றேன், எடுக்கவே இல்ல. சுத்திலும் தோண்டி, இருந்த எடத்துலயே நேரா எறக்கினேன். மேல இருந்தது கீழ போச்சு, அவ்வளவுதான். சாங்கியம் கெடல."

"சரி. பதினாறாம் நாளு, ஞாயித்துக்கெழம, எப்படி எடுப்பீங்க?"

அந்தக் கேள்வி இதுவரை தம்புசாமிக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எதுக்கு எடுக்கணும்? கிராணியாரு சொன்னாரு..." என்று திரும்பிப் பார்த்தார்.

அம்புரோஸ் அத்தி மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார். மெலிந்த, சாந்தமான மனிதர். யாரையும் அதட்டத் தெரியாது.

"நான்தாம்மா சொன்னேன். நல்லதுன்னுதான் சொன்னேன். எங்க கோயில்ல பீடம் கட்டுறப்ப, அர்ச்சிஷ்டவங்க, அதான் புனிதருங்க, எலும்பை அதுக்குள்ள வெச்சுத்தான் கட்டுவாங்க. அது இல்லாம பூசையே செய்ய மாட்டாங்க. அதைவிடப் பெரிய மரியாதை கெடையாது. இந்தக் கல்லுல வெள்ளைக்காரன் பேரு மட்டும்தான் வெட்டியிருக்கு. நாகையா பேரைப் போடுங்கன்னு நான் கேட்டேன். தொரை சிரிச்சான். அதான், மேல அவன் பேரு இருந்தா இருக்கட்டும், அடியில நாகையா இருக்கட்டும், காலத்துக்கும் இருக்கட்டும்னு..."

"காலத்துக்குமா?"

"ஆமாம்மா."

"கிராணியண்ணே, உங்க சாமிக்கு எலும்பு வேணும். எங்க ஆளுக்குத் தண்ணி வேணும். ஞாயித்துக்கெழம தண்ணியில விடலேன்னா அவரு இங்கயே கெடப்பாரு. போற வர்ற லோரியப் பாத்துக்கிட்டு, தாகத்தோட, இந்தச் சிமெண்டுக்குள்ள. காலத்துக்கும்."

அம்புரோஸ் தொப்பியைக் கழற்றினார். அதற்குப் பிறகு அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார்.

"ஒடைங்க அண்ணே" என்றாள் அவள் தம்புசாமியிடம்.

"ஒடைக்கிறதா! சாயங்காலம் தொரை வந்து அஸ்திவாரம் பாக்குறான். நாளைக்குக் கல்லு நிக்கணும், நாளன்னைக்குப் பெரிய தொரை வந்து துணிய இழுக்கணும். இருக்குறதே ரெண்டு மூட்டை சிமெண்டு. யாரு ஒடைக்கச் சொன்னதுன்னு கேப்பான். என்ன சொல்ல? அறுத்தவ வந்து அழுதா, அதான் ஒடைச்சோம்னு சொல்லவா? செமினி பக்கத்து கேங்கை போன மாசம் எதுக்குக் கலைச்சான்? மண்டோர் எதுத்துப் பேசினான், அவ்வளவுதான். மறுநாளே கப்பல். ஒரு ஆளுக்காக லயத்தையே கப்பலேத்தச் சொல்றியா பவுனு?"

"கப்பல்ல போறவன் ஊருக்காவது போவான். இவரு எங்க போவாரு?"

தூரத்தில் இடி உருண்டது. பவுனம்மாள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு குழியோரத்தில் மண்டியிட்டாள். வலது கையைச் சிமெண்டுக்குள் விட்டாள். மேலே இளகலாக இருந்தது. முழங்கைக்குக் கீழே அது இறுக ஆரம்பித்திருந்தது. விரலால் பிறாண்டிப் பிறாண்டி உள்ளே போனாள். ஜல்லியின் கூர் விரல்களைக் கிழித்தது. கிழிந்த இடத்தில் சிமெண்டு நெருப்பாகப் பிடித்தது.

"அண்ணி! கையைத் தின்னுடும் அண்ணி!" வாசு அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள். அவனும் மண்டியிட்டான்.

புஷ்பவல்லி தலையிலிருந்த சட்டியை அப்படியே கீழே போட்டாள். ஜல்லி சிதறியது.

"ஏன் மண்டோரே, பொம்பள கையால தோண்டுறா, நீ மீசையத் தடவிக்கிட்டு நிக்கிற! ஒரு மண்வெட்டி குடுக்கக்கூட கை வரலியா? என்னைக் கப்பலேத்தச் சொல்லு. ஊருல என் மாமியா இருக்கா. அவளுக்குப் பயந்துதான் இந்தச் சீமைக்கே வந்தேன். பரவால்ல, போயி அவகிட்டயே அடிபடுறேன்!"

ஒருத்தன் சிரித்துவிட்டான். சிரித்தவன்தான் முதலில் மண்வெட்டியை எடுத்தான்.

தம்புசாமி ரோட்டைப் பார்த்தார். பட்டணத்துப் பக்கம் யாரும் இல்லை. வானத்தைப் பார்த்தார். பிறகு அந்த ஆளின் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினார்.

"தள்ளு பவுனு. கையால தோண்டினா முடியறதுக்குள்ள தொரை வந்து நிப்பான். பலகையக் கழட்டுங்கடா! பாத்துக்கிட்டு நின்னது போதும்!"

பலகையைக் கழற்றியதும் மேல்பாதி கூழாகச் சரிந்தது. அடிப்பாதியைக் கடப்பாரையால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்ததைப் புல்லில் கொட்டினார்கள். பெண்கள் சாக்கடைத் தண்ணீரை வாளியில் மொண்டு வந்து ஊற்ற, வாசு ஒவ்வொரு கல்லாகக் கழுவினான்.

அப்போதுதான் அது எல்லோருக்கும் உறைத்தது.

"மண்டோரண்ணே, மஞ்சத்துணி எங்க?" என்றான் வாசு.

"அதை அவுத்துட்டேன்டா. துணி இருந்தா சிமெண்டு பிடிக்காதே. மடிச்சு மரத்துல கட்டி வெச்சிருக்கேன், பாரு."

குழியின் அடியில் போட்டதும் ஜல்லி. நாகையாவின் கல்லும் அதே குவியலிலிருந்து எடுத்த ஜல்லி. புல்லின்மேல் ஒரு வண்டி கல், எல்லாம் ஒரே கறுப்பு, எல்லாம் ஒரே கூர்.

"தம்பி, நீதானே ஊன்றினே. எது?"

"ஒரு மூலை ஒடஞ்சிருக்கும் அண்ணி" என்று சொல்லிவிட்டு வாசு குவியலைப் பார்த்தான். உடைத்த கல்லில் மூலை உடையாத கல் எது? ஒன்றை எடுத்தான், திருப்பினான், வைத்தான். இன்னொன்றை எடுத்தான். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தான். நெற்றியில் வியர்வை ஊற்றியது. கடைசியில் ஒன்றைச் சட்டென்று தூக்கி நீட்டினான்.

"இதுதான் அண்ணி."

பவுனம்மாள் கல்லைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உங்கண்ணன் மேல கை வெச்சுச் சொல்லு."

வாசு கல்லைக் கீழே வைத்துவிட்டு, கையைக் குவியலுக்கு மேலே நீட்டினான். நீட்டிய கை எந்தக் கல்லின்மேல் இறங்குவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. பிறகு அவன் அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அண்ணன் செத்த நாளில்கூட அவன் அப்படி அழவில்லை.

"தெரியல அண்ணி. எனக்குத் தெரியல."

முதல் தூறல் விழுந்தது. தம்புசாமி பல்லைக் கடித்தார். "பவுனு, ஏதோ ஒண்ண எடுத்துக்க. மனசுல நெனச்சு எடுத்தா அதுதான் அவரு. மழை வந்தா புதுசா கலக்கவும் முடியாது. சொன்னாக் கேளு."

"ஒண்ண எடுத்துக்கிட்டு மத்ததைக் குழியில போட்டா, போட்டதுல அவரு இருந்தா?"

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றே?"

"எல்லாத்தையும் எடுங்க."

"எல்லாத்தையுமா!"

"குழியிலேர்ந்து வந்த ஒரு கல்லுகூடத் திரும்பி உள்ள போவக் கூடாது. எல்லாத்தையும் ஞாயித்துக்கெழம ஆத்துல விட்டுடலாம்."

தம்புசாமி அவளை ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தினார். "என்னடீ பாக்குறீங்க? சட்டிய எடுங்க! அந்தக் கல்லு பூரா அத்தி மரத்துக்கு அந்தாண்ட. புதுக் குவியல்லேர்ந்து இந்தாண்ட. ஓடுங்க!"

பெண்கள் ஓடினார்கள். சேறு வழுக்கியது. போகும்போது பழைய கல், வரும்போது புதிய கல். சாந்தமேரி ஜாக்கெட் கையைச் சுருட்டிக்கொண்டு தானும் ஒரு சட்டியைத் தூக்கினாள். வாழ்க்கையில் அவள் கல் சுமந்ததில்லை. "தலையில துணிய வெச்சுக்க அம்மா, மேரி, மண்டை பொளந்துக்கும்" என்று புஷ்பவல்லி ஒரு சும்மாடு சுருட்டி அவள் தலையில் வைத்தாள். அம்புரோஸ் தொப்பியைச் சைக்கிளில் மாட்டிவிட்டுக் கலவைமேல் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிமெண்டு போதவில்லை. மணலைக் கூட்டினார்கள். கடைசிச் சட்டி விழுந்து பலகையால் மட்டம் தட்டும்போது துரையின் கார் விளக்கு மழைக்குள் தெரிந்தது.

"உக்காரு பவுனு!" புஷ்பவல்லி அவளைத் தோளைப் பிடித்து அமுக்கி, பெண்களுக்கு நடுவில் குந்த வைத்தாள். ஈரச் சாக்கை எடுத்து அவள் கையைச் சுற்றினாள். கை முழங்கைவரை வெந்து சிவந்திருந்தது.

துரை குடையோடு இறங்கி, குழியைச் சுற்றி வந்து, கைத்தடியை ஊன்றிப் பார்த்தார். தடி இறங்கியது. அவர் அம்புரோஸைப் பார்த்து ஏதோ கேட்டார். காலையிலேயே கொட்டியது ஏன் இன்னும் கூழாக இருக்கிறது என்று கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். பவுனம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, வெந்த கையை மறு கையால் அழுத்திப் பிடித்தபடி, மரத்துக்கு அப்பால் இருந்த கல் குவியலைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

அம்புரோஸ் இங்கிலீஷில் நிதானமாகப் பேசினார். ஒருமுறை வானத்தைக் காட்டினார், ஒருமுறை சிமெண்டுச் சாக்கைக் காட்டினார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. துரை தடியை உருவி, நுனியைப் புல்லில் துடைத்தார். அத்தி மரத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். ரோட்டு வேலை நடக்கும் இடத்தில் ஜல்லிக் குவியல் இருப்பதில் என்ன அதிசயம்? காரில் ஏறிப் போய்விட்டார்.

"என்ன சொன்னீங்க கிராணியாரே?" தம்புசாமி கிட்டே வந்து கேட்டார்.

"மூட்டை மழையில நனைஞ்சு சிமெண்டு கட்டி தட்டிப் போச்சு, அதான் எடுத்துப் போட்டுப் புதுசா கலக்கினோம்னு சொன்னேன். தெரியாம நனைய விட்டது நான்தான்னேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுத்திருக்கான்."

"பொய்யா சொன்னீங்க?" என்றாள் சாந்தமேரி.

"சனிக்கெழம சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிறேன்." தொப்பியைத் தேடினார். பிறகு பவுனம்மாளின் பக்கம் வந்து, "கைக்குத் தேங்காயெண்ணெய் போடும்மா" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை பேண்டு வாசித்தார்கள். பெரிய துரை துணியை இழுத்தார். கூடியிருந்தவர்கள் கை தட்டிய சத்தம் லயம்வரை கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. சாங்கியம் செய்ய வந்த பண்டாரம் திடலோரத்தில் நின்று, "கல்லு எது?" என்று கேட்டார்.

"இதுதான்" என்று வாசு குவியலைக் காட்டினான்.

"இதுல எது?"

"எல்லாம்தான்."

பண்டாரம் திகைத்தார். "நான் இத்தனை கருமாதி செஞ்சிருக்கேன், இப்படி ஒண்ணு பாத்ததே இல்லியேப்பா."

"இப்பப் பாரு சாமி" என்றாள் புஷ்பவல்லி. "கல்லுக்குக் கல்லு தனித்தனியாத் தட்சணை கேட்டுறாதே."

பண்டாரம் குவியலின்மேல் எண்ணெய் தெளித்தார். மஞ்சள் துணியை எடுத்து மேலே விரித்தார். பவுனம்மாள் இலையில் சோறு வைத்தாள், நெத்திலியும் கத்தரிக்காயும். கட்டுப் போட்ட கையால் வைக்க முடியாமல் இடது கையைத் துணைக்குப் பிடித்துக்கொண்டாள். அத்தி மரத்திலிருந்து காகம் இறங்கி, கருவாட்டைக் கவ்விக்கொண்டு போனது. அதை அவள் தன் கண்ணால் பார்த்தாள்.

பிறகு கேங் பெண்கள் சும்மாடு வைத்து, வேலைக்குப் போகிற மாதிரியே வரிசையாகச் சட்டியைத் தூக்கினார்கள். ஆண்கள் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார்கள். ரோட்டைவிட்டு இறங்கி, லயத்துக்குப் பின்னால் ஆறு திரும்புகிற இடத்துக்குப் போனார்கள். புதிதாக நட்ட கல்லைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருவரும் அதைப் பார்க்க நிற்கவில்லை. முன்னால் வாசு, அடுத்துத் தம்புசாமி. அவர் மண்டோரான பிறகு தோளில் கல் சுமந்தது அன்றுதான். ஆற்றில் செம்மண் தண்ணீர் வேகமாகப் போனது. ஒவ்வொருவராகக் கரையில் நின்று கொட்டிவிட்டு, சாங்கியப்படி திரும்பிப் பார்க்காமல் மேலேறி நடந்தார்கள். கடைசியாகப் பவுனம்மாள். அவள் சட்டியில் பாதிதான் இருந்தது, கை தாங்காது என்று புஷ்பவல்லி அவ்வளவுதான் போட்டிருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சட்டியைச் சாய்த்தாள். கற்கள் அவள் காலை உரசிக்கொண்டு இறங்கின.

"போய்யா" என்றாள்.

கரையேறும்போது அவளும் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவள் கேங் வேலைக்குப் போனாள். கை ஆறிய பிறகும் முழங்கைக்குக் கீழே தோல் வெளுத்தே இருந்தது. மறு வருஷம் வேறொரு வெள்ளைக்காரன் இன்னும் வேகமாகப் பறந்து போய்விட்டதாக அம்புரோஸ் பேப்பரைப் படித்துச் சொன்னார். கிள்ளான் ரோட்டுக் கல்லில் பழைய பெயரேதான் இருந்தது. அதை யாரும் மாற்றவில்லை. மணல் கூடிய அஸ்திவாரமானாலும் கல் சாயவில்லை. தம்புசாமிக்கு மட்டும் ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் தூக்கம் வரும்.

வெயில் காலத்தில் ஆறு இறங்கும்போது கரை நெடுகப் பழுப்பு மண்தான் தெரியும். லயத்துக்குப் பின்னால் அந்தத் திருப்பத்தில் மட்டும் உடைத்த கருங்கல் கிடக்கும், ரோட்டுக்குப் பரப்புகிற அளவில்.